உம்மம்மாவின் பாய் எங்கே?



பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது என்ற பேச்சும் வந்துவிடுகிறது. மிருகக்காட்சிசாலை, கடற்கரை என்று சொல்வோமே தவிர, நூதனசாலை என்று யாரும் சொல்வதில்லை. அங்கே அரசர்களின் வாளும் கிரீடமும்தானே இருக்கும், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலி தேசிய நூதனசாலைக்குக் குடும்பத்தோடு போய் வந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

சுபஹ் தொழுதுவிட்டுக் கரவனெல்லயிலிருந்து புறப்பட்டோம். அவிசாவளை, கொழும்பு வழியாகக் காலி போய்ச் சேர நண்பகலாகிவிட்டது. கோட்டைக்குள், சர்ச் வீதியில், ஒல்லாந்தர் காலத்துப் பழைய கட்டடமொன்றில் 1986ஆம் ஆண்டு முதல் இந்த நூதனசாலை இருந்து வருகிறது. சிறிய இடம்தான். ஆனால் தென்பகுதி மக்களின் கைவேலைகளுக்கு அங்கே தனி இடமுண்டு. மரத்தில் செதுக்கிய முகமூடிகள், ஆமையோட்டு வேலைப்பாடுகள், பீரலு ரேந்தை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

முகமூடிகளைக் கண்டதும் என் மனைவி சற்றுத் தயங்கினார். கோலம் என்னும் கூத்திலும், நோய் தீர்க்கும் சடங்குகளிலும் சிங்களக் கிராமத்தவர் அணிபவை அவை. “நமது அகீதா வேறு. ஆனால் பக்கத்து வீட்டாரின் வழக்கத்தை அறிந்துகொள்வது அதை நம்புவதாகாது” என்றேன். ஆமையோட்டு வேலைகளைப் பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். இன்று ஆமைகளைச் சட்டம் பாதுகாக்கிறது. ஆகவே அந்தத் தொழிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே காணலாம்.

எங்களை அதிக நேரம் நிற்க வைத்தது பீரலு ரேந்தைதான். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே வந்ததாகச் சொல்லப்படும் கலை இது. உருளையான திண்டின்மேல் மாதிரி வரைந்த தாளைச் சுற்றி, குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி முறுக்கிக்கொண்டே போக வேண்டும். அந்த மரக்கட்டைகளுக்குத்தான் பீரலு என்று பெயர். மாதிரி நுணுக்கமாக ஆக ஆகக் கட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். இதைச் செய்த பெண்கள் எந்தக் கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர். தாயின் அருகில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே பழகியவர்கள்.

அப்போது என் மகள், “வாப்பா, இதைச் செய்தவங்கட பெயர் என்ன?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நாட்டார் கலைப் பொருள்கள் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயர் இருப்பதில்லை. அது நூதனசாலையின் குற்றமல்ல. வீட்டிலிருந்தவர்களே அந்தப் பெயரை எழுதி வைக்காதபோது நூதனசாலை என்ன செய்யும்?

அந்தக் கேள்வி எனக்கு உம்மம்மாவை நினைவூட்டியது. வயலோரத்துப் பன்னை அறுத்து, காயவைத்து, சிவப்புச் சாயம் தோய்த்து அவர் பாய் இழைப்பார். கல்யாண வீட்டுப் பாய் அவர் கையால்தான் வரவேண்டும் என்பார்கள். பிளாஸ்டிக் பாய் வந்ததும் அதைச் சுருட்டிப் பரணில் போட்டோம். கறையான் அரித்ததும் எறிந்துவிட்டோம். எறிந்தவர்களில் நானும் ஒருவன். அவர் இழைத்த பாயில் ஒரு துண்டுகூட இன்று எங்களிடம் இல்லை.

சகோதரிகளே! நம்மவர் அற்பமாக நினைத்ததை அறிந்தவர்கள் மதித்திருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பாய் முடைதலுக்கும் தையல் வேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டின் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரையில் நெய்யும் பாய், பட்டுப்பாய் என்று பெயர் பெறும் அளவுக்கு மென்மையானது.

நமது மார்க்கமும் கைவேலையைக் கண்ணியப்படுத்தியே இருக்கிறது. தம் மனைவியரில் கை நீளமானவரே முதலில் தம்மைச் சந்திப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அவர்கள் தம் கைகளை அளந்து பார்த்தார்களாம். நபியவர்களின் மறைவுக்குப் பின் முதலில் வபாத்தானவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள். கையால் உழைத்து, அதைத் தர்மம் செய்தவர் அவர். கை நீளம் என்பதன் பொருள் அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது.

ஆகவே அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நூதனசாலைக்குப் போய் வாருங்கள். போகுமுன் உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மாமி பின்னிய தொப்பி, உம்மா தைத்த தலையணை உறை, தாத்தா இழைத்த பெட்டி ஏதாவது இருந்தால், செய்தவர் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுடன் வைத்துவிடுங்கள். அவர் உயிரோடிருந்தால் மகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், கை பழகட்டும். நாளை ஒரு பேத்தி, “இதைச் செய்தது யார்?” என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பெயராவது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.