வானம் என்றால் எத்தனை மார்க்?

‘வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் பகுதியை நிரப்பி அனுப்பவும்’ என்ற குறிப்போடு சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிலவற்றிலிருந்து முழுமை முன்னேற்ற அட்டை வீடு தேடி வந்திருக்கிறது. பின்னாலேயே நமக்குக் கடிதங்கள். பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி: ஓடை, மலை, வானம் என்று படி போட்டிருக்கிறார்களே, வானம் என்றால் எத்தனை மார்க்?

மார்க் கிடையாது. இப்போதுதான் தொடங்கிய பிள்ளை ஓடை. நன்றாகத் தேறிய பிள்ளை வானம். ரேங்க் ஒழிந்தது என்கிறார்கள். மலையைவிட வானம் மேலே இருப்பது ஆறு வயதுக்குத் தெரியாதா?

2020 தேசியக் கல்விக் கொள்கை இதை ‘360 பாகை’ அட்டை என்கிறது. நடைமுறையில் நாலு பேர் படிவம் நிரப்புகிறார்கள்: ஆசிரியர், பெற்றோர், பிள்ளை, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை.

கடைசி இரண்டில்தான் விஷயம். நான் பார்த்த ஓர் அட்டையில், கதை சொல்வதில் ஆசிரியர் ‘வானம்’ குறித்திருந்தார். சிறுமியோ தனக்கு அழுமூஞ்சிப் படத்துக்கு வண்ணம் தீட்டியிருந்தாள். கேட்டால், “நடுவுல கிளியோட பேரை மறந்துட்டேன் மிஸ்.” இருவர் கணிப்புக்கும் நடுவே கிடக்கும் அந்த இடைவெளியை எந்த மார்க் ஷீட்டும் காட்டியதில்லை. கெட்டிக்கார ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதே சிறுமி, தோழியை மதிப்பிடும் தாள் கைக்கு வந்ததும் கேட்டது: “அவ எனக்கு என்ன மிஸ் போட்டிருக்கா?” கணக்குத் தீர்க்க ஏழு வயது போதும். அந்தத் தாள் வகுப்போடு நின்றால் பயிற்சி. பெயரோடு வீட்டுக்குப் போனால் இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பஞ்சாயத்து. பள்ளி எதைச் செய்கிறது என்று அவசியம் கேளுங்கள்.

தேர்வைத் தாண்டிப் பிள்ளையை மதிப்பிடும் ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2012-13 முப்பருவ முறையில், வகுப்புச் செயல்பாடுகளைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அந்த 40-ஐ உண்மையில் வாங்கியது பிள்ளையா, தெர்மாகோல் வெட்டிய அப்பாவா என்பது ஊர் ஸ்டேஷனரிக் கடைக்காரருக்குத் தெரியும். இந்த அட்டையில் மார்க் போய்விட்டது. ஒரு வகுப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் தனித்தனியே எழுத ஆசிரியருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

மற்ற கேள்விகள்:

ஓடை வந்தால் ஃபெயிலா? இல்லை, ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் யாரையும் நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு? தமிழக அரசு தேசியக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனிக் கொள்கை வெளியிட்டது.

டியூஷன் வைக்கலாமா? வானத்துக்கு டியூஷனா!

பெற்றோர் பகுதியில் தெரியாததைக் காலியாக விடுங்கள். பிள்ளை வண்ணம் தீட்டிய அழுமூஞ்சியை மட்டும் அழித்துச் சிரிக்க வைத்து அனுப்பாதீர்கள்.