ஒரு பெயர், இரு உறுப்பினர்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டுத் தொல்வழக்கு. பேரன் என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மருவிய வடிவம். ஆதலின் உடன்பிறந்தார் இருவர்தம் மைந்தரும் ஒரே பெயர் தாங்கி நிற்பது நெசவாளர் தெருக்களிற் புதுமையன்று.

கந்தசாமி, குப்புசாமி என்னும் உடன்பிறந்தார்தம் மைந்தர் இருவரும் ஆறுமுகம் எனப் பெயர் பெற்றனர் என்று கொள்வோம். தமிழில் எழுதினால் க. ஆறுமுகம், கு. ஆறுமுகம் என வேறுபாடு விளங்கும். ஆங்கில முறையில் தலைப்பெழுத்து இட்டாலோ, இருவரும் 'கே. ஆறுமுகம்' ஆகிவிடுவர்.

இத்தகைய குழப்பம் ஒன்றை யாம் ஒரு சங்கத்தின் தணிக்கையிற் கண்டோம். ஒருவர் நெய்த சேலைகளின் கூலியில் ஒரு பகுதி, மூன்று மாதம் மற்றவர் கணக்கில் ஏறியிருந்தது. கூலி குறையப் பெற்றவர், துணியிற் குற்றங்கண்டு பிடித்தம் செய்தனர் போலும் என்றெண்ணி வாய் திறவாதிருந்தார். மற்றவரோ தம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதே இல்லை. இருவரிடத்தும் வஞ்சமில்லை; பிழை பதிவேட்டினுடையது. தொகை திருத்தப்பெற்றது. ஆயினும் அம்மூன்று மாதமும் அவர் வெளியிற் கடன் பெற்றுக் கட்டிய வட்டியை எந்தப் பேரேடும் திருப்பித் தராது.

எனவே செயலாளர்கள் தந்தை பெயரை முழுமையாக எழுதுவாராக. நூல் வழங்கலாயினும், கூலியாயினும், வேளாளர்க்குரிய பயிர்க்கடனாயினும் உறுப்பினர் எண்ணின்றிப் பதிதல் கூடாது. உறுப்பினர்களும் கையொப்பமிடுமுன் தம் எண்ணை நோக்குவாராக. பெயர் பாட்டனாருடையதாகலாம், உழைப்பின் பயன் அவரவர்க்கே உரியது.