சோறு, களியில் கதிரியக்கம்: பயப்பட வேண்டுமா?

திருத்தணி பக்கம் கனகம்மாசத்திரத்தில் வாங்கும் அரிசியோ ராகியோ, எதுவானாலும் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. ‘அய்யோ, சோத்துலயுமா?’ என்று பதற வேண்டாம். காரணம் பொட்டாசியம். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.012 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. தீட்டிய அரிசி ஒரு கிலோவில் சுமார் ஒரு கிராம் பொட்டாசியம் இருக்கும். அதில் நொடிக்குச் சுமார் 30 அணுக்கள் சிதையும். அதாவது 30 பெக்கெரல். ராகியில் மூன்று, நான்கு மடங்கு.

அப்போ களியை விட்டுடலாமா? தேவையே இல்லை. வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தை உடம்பு சிறுநீரில் தள்ளிவிடும். 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் எப்போதுமே 4,000 பெக்கெரல் அளவுக்கு இருக்கும். இதனால் வருடத்துக்குக் கிடைப்பது சுமார் 0.17 மில்லிசீவர்ட், எல்லா இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்த உலக சராசரியோ 2.4.

மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை சராசரியாகப் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

விபத்தில் வெளியாகும் சீசியம்-137 கதை வேறு. சாப்பிடச் சாப்பிட உடம்பில் அதன் அளவு கூடும். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பான், உணவில் சீசியத்துக்குக் கிலோவுக்கு 100 பெக்கெரல் என வரம்பு வைத்தது. ஃபுகுஷிமா அரிசியை மூட்டை மூட்டையாகச் சோதித்தே விற்பனைக்கு விட்டார்கள்.