பின் ஆக்ஸிலும் பிரேக்கும்: வீட்டில் செய்யக்கூடிய பழுது வேலை

காரின் பின்சக்கர டிரம்மைக் கழற்றியதும் உள்ளே ஈரப் பிசுக்கு தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. புது பிரேக் ஷூ வாங்குவது அதற்குப் பிறகு. பழக்கமில்லாதவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். ஷூ புதிதாகும், கசிவு நிற்காது, சில வாரங்களில் புது ஷூவும் ஊறிப்போகும்.

கசிவுக்கு வழிகள் இரண்டு. ஷூக்களை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் வரலாம்; ஆக்ஸில் குழாயிலிருந்து கியர் ஆயில் வரலாம். கியர் ஆயில் கெட்டியானது, கந்தக வாடை வீசும், தண்ணீரில் கரையாது. பிரேக் ஆயில் மெல்லியது, தண்ணீர் விட்டால் கரைந்து போகும், பெயின்ட்டில் பட்டால் அதை உரித்துவிடும். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கியர் ஆயில் கசியும் சிக்கல் எல்லாக் கார்களுக்கும் உரியதன்று. மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் பின் ஆக்ஸில் சுமையை மட்டுமே தாங்குகிறது. அதனுள் கியரும் இல்லை, கியர் ஆயிலும் இல்லை. அம்பாசிடர் அப்படியல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, உத்தரபாராவில் 2014 வரை தயாரான அந்தக் காரில் எஞ்சினின் விசை பின் ஆக்ஸிலுக்குப் போகிறது. கமான் பட்டைகளின் மேல் அமர்ந்த உறுதியான ஆக்ஸில் கூடு, நடுவில் கிரவுன் பினியன், இருபுறமும் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாப்ட்டுகள், முனைகளில் டிரம் பிரேக். இந்த அமைப்பில் ஆக்ஸிலின் நோய் பிரேக்கைத் தொற்றும்.

தொற்றுவது ஆயில் சீல் வழியாக. சீலின் ரப்பர் உதடு தேய்ந்தோ இறுகியோ போனால் ஆயில் டிரம்முக்குள் கசியும். ஆனால் சீலை மாற்றுவதற்கு முன் ஆக்ஸில் கூட்டின் மேலுள்ள சிறிய காற்றுத் துவாரத்தைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டத்தில் ஆக்ஸில் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும்போது வெளியேற வேண்டிய வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் நல்ல சீலைக்கூட மீறி ஆயிலை வெளியே தள்ளும். செலவே இல்லாத பழுது இது, அதனாலேயே கவனிக்கப்படாமல் போகிறது. அளவுக்கு மேல் ஆயில் நிரப்பினாலும் இதே விளைவுதான். கார் சமதரையில் நிற்கையில் ஆயில் மட்டம் நிரப்புத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டால் போதும்.

ஆயிலின் வகையும் முக்கியம். பினியனின் மையம் கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே அமைந்த ஹைபாய்டு கியரை 1926-இல் பேக்கார்டு நிறுவனம் கார்களுக்குக் கொண்டுவந்தது. இந்த வகைக் கிரவுன் பினியனில் பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எஞ்சின் ஆயிலின் படலம் கிழிந்துவிடும். ஆகவே கையேடு சொல்லும் உயர் அழுத்தக் கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

வேலை தொடங்கும் இடம் கான்கிரீட் போன்ற உறுதியான சமதரையாக இருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

டிரம் எளிதில் வராது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஷூ அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் தளர்த்தினால்தான் உள்விளிம்பில் உண்டான தேய்மான வரம்பைத் தாண்டி அது நகரும். பல டிரம்களில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டுகளை மாறிமாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். உள்ளே படிந்த தூளை ஊதக்கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் தீராத நோயைத் தரும். முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே முறை.

லூயி ரெனோ 1902-இல் அமைத்த டிரம் பிரேக்கின் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. சுழலும் டிரம் முன்ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது, பின்ஷூவைத் தள்ளிவிடுகிறது. அதனால் முன்ஷூ வேகமாகத் தேயும். சில கார்களில் இரண்டின் லைனிங் நீளமே வேறு. இடம் மாற்றிப் பொருத்தினால் பிரேக் சீராகப் பிடிக்காது. ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை முதலில் படம் எடுத்துக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி, ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிரிக்காதிருப்பது. குழம்பினால் பார்த்துக்கொள்ள மாதிரி ஒன்று அப்படியே இருக்கும்.

எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் வாட்டியோ மீண்டும் மாட்டும் பழக்கம் ஆபத்தானது. சூடானதும் உள்ளூறிய எண்ணெய் மேலே வரும். ஒரு பக்க ஷூ மட்டும் கெட்டிருந்தாலும் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் மழை நாளில் பிரேக் போட்டதும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். டிரம்மின் உட்புறத்தில் பள்ளமும் நீலம் பாரித்த திட்டுகளும் இருந்தால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஆனால் டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்க்கையில் ஆயில் வழிந்தால் அதன் ரப்பர் கிட்டை மாற்றலாம். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருந்தால் முழுச் சிலிண்டரையே மாற்ற வேண்டும். இந்தப் பாகங்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவக்கூடாது. அவை ரப்பரை உப்பச் செய்யும். புது பிரேக் ஆயிலே கழுவுவதற்கும் உகந்தது.

ஆக்ஸில் ஷாப்ட் வேலையில் வீட்டுப் பட்டறைக்கு எல்லை உண்டு. சீல் மாற்றுவதைப் பொறுமையுள்ளவர் செய்துவிடலாம். ஷாப்ட்டில் இறுக்கி ஏற்றிய பேரிங்கைக் கழற்ற அழுத்த இயந்திரம் தேவை; உளியால் தட்டி எடுத்தால் ஷாப்ட் காயப்படும். கிரவுன் பினியனின் பல் இடைவெளியை அளந்து சரிசெய்வது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வீட்டிலேயே கணிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் முனகல் மாறினால் பெரும்பாலும் கிரவுன் பினியன். வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கர பேரிங்காக இருக்கலாம்.

பிரேக் ஆயில் குழாயைக் கழற்றியிருந்தால் காற்று எடுக்காமல் வேலை முடியாது. ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் பிளீடர் திருகைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். திருகில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா ஒருபோதும் வற்றக்கூடாது. வெளிவந்த ஆயிலை மறுபடி ஊற்றக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155. மலைப்பாதை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை இறங்கிவிடும்.

அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்தியபின், கடைசியாகத்தான் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தொட வேண்டும். ஷூ தேய்ந்ததை மறைக்கக் கேபிளை இறுக்குவது தவறு. தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் அதனால் செயலிழக்கும். காரை நகர்த்துமுன் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிறகு போக்குவரத்து இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திவிட்டு, இரண்டு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் சூடு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் அங்கே ஷூ உரசிக்கொண்டே இருக்கிறது, அட்ஜஸ்டரை மறுபடி தளர்த்த வேண்டும். சக்கர நட்டுகளை அன்றைக்கு ஒருமுறையும், சில நாள் ஓடியபின் மறுமுறையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.