கதையும் வாழ்வும்: மு. தளையசிங்கத்தின் இலக்கிய நோக்கு

கதை சொல்லுதல் எதன் பொருட்டு? இவ்வினாவிற்குக் கற்றோர் இரு வேறு விடைகளை மாறி மாறிக் கூறிவந்துள்ளனர். இன்பம் பயத்தலே கதையின் தொழில் என்பர் ஒரு சாரார். சமுதாயத்தைத் திருத்துதலே அதன் கடன் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளையும் ஆராய்ந்து, இரண்டிலும் அமைதி காணாது, மூன்றாவது விடையொன்றைத் தேடிச்சென்ற இளம் எழுத்தாளரொருவர் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே தோன்றினார். அவரே புங்குடுதீவு தந்த மு. தளையசிங்கம். 1935ஆம் ஆண்டிலே பிறந்து 1973ஆம் ஆண்டிலே மறைந்த அவரது வாழ்நாள் நாற்பது ஆண்டுகளையும் எட்டவில்லை. ஆயினும், கதையைப் பற்றி அவர் எழுப்பிய வினாக்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

புங்குடுதீவு குடாநாட்டிற்குத் தென்மேற்கே உள்ளது. வேலணைத் தீவோடு கடற்பாலமொன்றினால் இணைந்திருப்பது. நயினாதீவிற்கும் நெடுந்தீவிற்கும் செல்வோர் அதன் குறிகட்டுவான் துறையிலேயே படகேறுவர். பனையும் கடலும் சூழ்ந்த அவ்வூரிலே நன்னீர்க் கிணறு அரிய செல்வம். தோண்டிய இடமெல்லாம் குடிநீர் கிடைப்பதில்லை. பல கிணறுகளில் உவர்நீரே ஊறும். இச்செய்தி இலக்கியத்திற்குப் புறம்பானதுபோலத் தோன்றினும், தளையசிங்கத்தின் வாழ்க்கை முடிவினை அறிவதற்கு இன்றியமையாதது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கற்று ஆசிரியப் பணி பூண்ட அவர், 1950களின் பிற்பகுதியிலே எழுதத் தொடங்கினார். 1954ஆம் ஆண்டிலே தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் வலிமை பெற்றிருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும், 1958ஆம் ஆண்டின் இனக்கலவரமும் தமிழ் மக்களது உள்ளத்தைக் கலக்கியிருந்தன. ஈழத்து எழுத்தாளர் தமிழகத்துச் சஞ்சிகைகளின் நிழலினின்றும் விலகித் தம் மண்ணையும் மக்களையும் பாட முற்பட்டனர். 1956 முதல் 1963 வரையுள்ள இவ்வளர்ச்சியினைத் தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் திறனாய்விலே மதிப்பிட்டார். தாமும் அக்காலத்து எழுத்தாளருள் ஒருவராய் இருந்துகொண்டே அக்காலத்தை எடைபோட்டமை இளமைக்குரிய துணிவாகும்.

அவரது சுவை எத்தகையது என்பதை அவர் ஏற்றவற்றினும் மறுத்தவற்றினாலேயே தெளிவாக அறியலாம். ஒடுக்கப்பட்டோரைக் கதைக்குள்ளே கொணர்ந்த முற்போக்காளரின் தொண்டினை அவர் மறுத்தாரல்லர். ஆனால், மனிதனைப் பொருளாதார உறவுகளின் விளைவாக மட்டும் காணுதல் அவனைக் குறைத்துக் காணுதலாகும் என்றார். மறுபுறத்திலே, கலை கலைக்காகவே என்று ஒதுங்கி நிற்பதும் அவருக்கு உடன்பாடன்று. வாழ்வை மாற்றாத அழகு, வாழ்வினின்றும் தப்பியோடும் வழியே என்பது அவர் கருத்து.

1965ஆம் ஆண்டிலே, தமது முப்பதாவது வயதிலே, ‘புதுயுகம் பிறக்கிறது’ என்னும் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். அவரது கதைகள் புறநிகழ்ச்சியினும் அகப்போராட்டத்திற்கே முதன்மை தருவன. ‘தொழுகை’ என்னும் கதையிலே வழிபாட்டுணர்வையும் உடலுணர்வையும் அருகருகே வைத்துக் காட்டியமை, அக்காலத்து ஒழுக்க நோக்கிற்கு முன் பெருந்துணிவாகும். இனப்பிரச்சினையைப் பொருளாகக் கொண்ட ‘ஒரு தனி வீடு’ என்னும் நாவலோ, அவர் மறைந்த பின்னரே நூலுருப் பெற்றது.

இக்கதைகளோடு அவர் அமைந்திருக்கவில்லை. சடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும் மலர்ந்ததுபோல, மனத்தைக் கடந்த பேர்மன நிலையொன்றும் மலரவேண்டும் என்பது அவர் கொண்ட தத்துவம். இஃது உபநிடதங்கூறும் கோசங்களையும், ஸ்ரீ அரவிந்தரின் பரிணாமக் கொள்கையையும் நினைவூட்டுவது. கவிதை, நாவல், நாடகம் முதலியன மனத்தின் காலத்திற்குரிய வடிவங்கள். கற்பனையால் மயக்கியே உண்மையை ஊட்டுவன. அடுத்த காலத்து மனிதன் மயங்காமலே உண்மையை உணரவேண்டும். அதற்குரிய வடிவத்திற்கு அவர் இட்ட பெயர் ‘மெய்யுள்’. செய்யுள் என்னும் சொல்லினை அடியொற்றிய இப்பெயரிலே மெய்ம்மையே முதலாக நிற்கின்றது. கதை, விமர்சனம், தத்துவம் என்னும் வேலிகள் அதில் இல்லை. தமது நோக்கிற்கு அவர் ‘பிரபஞ்ச யதார்த்தம்’ என்றும் பெயர் தந்தார்.

இது முற்றிலும் புதுமையானதா என்பது சிந்தித்தற்குரியது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் புராணபடனத்திலே, ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கேட்போர் கதையையும் கருத்தையும் வெவ்வேறாகப் பிரித்தாரல்லர். கதை நின்று பொருள் பேசுவதும், பொருள் நின்று கதை தொடர்வதும் அவர்களுக்கு இயல்பாகவே இருந்தன. தளையசிங்கம் தமது படைப்பொன்றிற்குக் ‘கல்கி புராணம்’ எனப் பெயரிட்டமையை இவ்விடத்து ஒப்புநோக்கலாம்.

இந்நோக்கிற்கு வலுவான தடையொன்றும் உண்டு. கருத்து முந்தி நிற்கும்போது பாத்திரம் பிந்திவிடும். பாத்திரங்கள் தம் குரலிற் பேசாது ஆசிரியரின் குரலிற் பேசத் தொடங்கின், கேட்போன் கதையை இழந்து உபதேசத்தைப் பெறுவான். தளையசிங்கத்தின் பிற்கால எழுத்துகள் சிலவற்றிலே இக்குறை தலைகாட்டுவதை மறுத்தற்கில்லை. புராணபடனத்திலே பயன் சொல்வோருக்குப் பின்னே கச்சியப்பரின் கதை வலிமையாக நின்றது. மெய்யுளிலோ இரண்டு பொறுப்பையும் ஒருவரே சுமக்கவேண்டியிருந்தது.

எனினும், கதையும் வாழ்வும் வேறல்ல என்று கூறியவர் அதனைத் தம் வாழ்விலேயே சோதித்தார். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிச் சர்வோதயப் பணியில் ஈடுபட்டார். பொது இடங்களிலே சாதித்தடை செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இலங்கையில் நிறைவேறியிருந்தது. ஆனால், சட்டம் திறந்த கிணறுகளை ஊர் வழக்கம் மூடியே வைத்திருந்தது. 1971ஆம் ஆண்டிலே, புங்குடுதீவுக் கண்ணகியம்மன் கோயிலருகே இருந்த நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ளவேண்டுமெனச் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். காவல்துறையினரால் தாக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அதன்பின் நலிவுற்ற அவர் 1973ஆம் ஆண்டிலே உயிர்நீத்தார்.

அவரது சிந்தனையைத் தம்பியார் மு. பொன்னம்பலம் தொடர்ந்து விளக்கிவந்தார். அதே தீவிலே தோன்றிய கவிஞர் சு. வில்வரத்தினமும் (1950–2006) அவரால் ஆட்கொள்ளப்பட்டவர். தமிழகத்திலே சுந்தர ராமசாமி அவரை ஆழ்ந்து கற்று எழுதினார். தளையசிங்கத்தின் கொள்கையை முழுவதும் ஏற்காதவரும் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. எழுத முனையும் இளைஞன், எவ்வாறு கதை சொல்லுவேன் என்று கேட்குமுன், தான் சொல்லும் கதைக்கு எந்த அளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று கேட்டல்வேண்டும். ஊர்க்கிணற்றடியிலே நின்று அவ்வினாவிற்கு விடையளித்தவர் என்பதனாலேயே, அவரது எழுத்திலுள்ள குறைகளையும் கற்போர் மரியாதையோடு ஆராய்கின்றனர்.