சிறுதேர் உருண்ட ஊரும் கொலுவில் ஓடும் ரயிலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருத்தலம். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாகத் தோன்றிய நம்பியாரூரர், வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த திருமுனைப்பாடி மன்னர் நரசிங்க முனையரையர் கண்டார். பெற்றோரிடம் நட்புரிமையால் வேண்டிப் பெற்றுத் தம் மகனாகவே வளர்த்தார். பெரியபுராணத்தில் ஒரு குழந்தையின் விளையாட்டுத் தேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

கோயில் தேரைக் கண்டு சிறுதேர் செய்த நாட்டில், ரயில் வந்தபின் நவராத்திரிக் கொலுவிலும் அது ஏறிவிட்டது வியப்பன்று. படிகளின் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, சாவி கொடுத்த ரயிலைச் சுற்றவிட்ட இல்லங்கள் பல. அக்குளத்தைக் கடலாக்கி, பாம்பன் பாலத்தையே அமைக்க விரும்பும் அன்பர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாதிரி ரயில்களில் பெருவழக்காயுள்ள அளவு, உண்மையில் 87-இல் ஒரு பங்கு. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று நீண்ட பாலம் அவ்வளவில் ஏறத்தாழ 24 மீட்டர் வரும்; எந்தக் கூடமும் கொள்ளாது. ஆகவே நடுவிலுள்ள தூக்குப்பாலத்தையும் இருபுறமும் சில தூண்களையும் மட்டுமே எடுத்துக்கொள்வது அறிவுடைமை. வளைவின் ஆரம் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் நீண்ட பெட்டிகள் தடம் புரளும். எனவே பலகை மூன்றேகால் அடி அகலமேனும் இருத்தல் நன்று.

பாலத்தை உயர்த்தத் தண்டவாளத்தை ஏற்றுவது பலர் செய்யும் பிழை. 100 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்ற ஏற்றத்துக்கு மேல் சிறு எஞ்சின் திணறும். மூன்று அங்குலம் ஏறவே பன்னிரண்டரை அடி நீளம் வேண்டும். ரயிலை உயர்த்துவதைவிடக் கடலைத் தாழ்த்துவதே எளிது. பாதையைச் சமமாக வைத்து, பலகையில் பள்ளம் அமைத்து, நீல வண்ணத்தின்மேல் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினால் அலை மினுங்கும். உண்மை நீர் வேண்டா. ஈரம் தண்டவாளத்தையும் மின்னிணைப்பையும் கெடுக்கும்.

எந்தப் பாலத்தை அமைப்பது? 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி நேர்மேலே உயர்கிறது. பேரப்பிள்ளைகள் அறிந்தது அதுவே. ஆனால் ராமநாதரைத் தரிசிக்கச் சென்ற பெரியோர் நெஞ்சில் நிற்பது 1914-இல் திறந்த பழைய பாலம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி சென்ற ரயில் பயணிகளோடு கடலில் மறைந்தது. பாலத்தின் உத்திரங்கள் பல வீழ்ந்தன. இ. ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலில் கிடந்த உத்திரங்களையும் மீட்டெடுத்து, 46 நாள்களில் பாலத்தைச் சீராக்கினார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றது.

பழையதைச் செய்வதே மேல். அது இரண்டு இதழாய்ப் பிரிந்து உயர்வது. இரு அட்டைத் துண்டுகளும் நூலும் சிறு உருளையும் போதும். பாட்டி படகை நகர்த்த, பேத்தி நூலை இழுக்கலாம். அதற்குமுன் ரயிலை நிறுத்த மட்டும் யாரேனும் நினைவூட்ட வேண்டும்.