உடைந்த உடல், உடையாத வண்ணம்

தையப் மேத்தாவின் ஓவியத்தின் முன் முதன்முறை நிற்பவர்கள் பெரும்பாலும் கைகால்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கை யாருடையது, அந்தக் கால் எந்த உடலைச் சேர்ந்தது என்று தேடுகிறார்கள். கணக்கு நேராகாது. ‘புரியவில்லை’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து, உருவத்தை விட்டுவிட்டு வண்ணத்தைப் பாருங்கள் என்பேன்.

1947 பிரிவினைக் கலவரத்தில் மும்பை முகமது அலி சாலையில் ஓர் இளைஞரைக் கூட்டம் அடித்துக் கொன்றதை மேத்தா நேரில் பார்த்தார். அப்போது அவருக்கு 22 வயது. அந்தக் காட்சி கடைசிவரை அவரை விடவில்லை. கால் கட்டப்பட்ட காளை, வாய் பிளந்து தலைகீழாக விழும் மனிதன் என்று அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1970இல் அவர் எடுத்த குறும்படத்தில் பாந்த்ரா இறைச்சிக்கூடத்துக் காளைகள் வருகின்றன. குஜராத்தில் பிறந்த அவர் அதற்கு வைத்த பெயர் ‘கூடல்’, நம் தமிழ்ச் சொல்!

அதற்கு முன் லண்டனில் வாழ்ந்த காலத்தில் அவருடைய வண்ணம் தடித்து, கலங்கி இருந்தது. உருவத்தின் வேதனையை வண்ணமும் சேர்ந்து சுமந்தது. 1968இல் நியூயார்க் சென்று அமெரிக்க அரூப ஓவியர் பார்னெட் நியூமனின் ஓவியங்களைப் பார்த்தபின் எல்லாம் மாறியது. தூரிகைத் தடமே தெரியாத சிவப்பு, காவி, நீலம்; திண்ணைக்குச் செம்மண் பூசியதுபோல் ஒரே சீரான பரப்பு. 1969 முதல் அந்தப் பரப்பின் குறுக்கே கோணலாக ஒரு பட்டை இறங்கி, உடலை இரண்டாக்கியது.

என்னை உலுக்குவது இந்த இடம்தான். உடல் துண்டாகிறது, வண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ரத்தம் ஒழுகுவதில்லை. சுற்றியிருக்கும் சிவப்பு எதுவும் நடக்காததுபோல் அமைதியாக இருக்கிறது. தெருவில் ஒருவன் சாகும்போது வானம் அப்படித்தானே இருந்திருக்கும்?

2005இல் அவருடைய ‘மகிஷாசுரன்’ 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. எல்லோரும் விலையைப் பேசினார்கள். அதில் தேவியும் அசுரனும் பின்னிக் கிடப்பதை, கொல்வது தழுவல்போலத் தெரிவதைப் பேசியவர்கள் குறைவு.

எனக்கு அதைவிட நெருக்கமானது அவருடைய ரிக்‌ஷாக்காரன். கொல்கத்தா தெருவில் வண்டி இழுப்பவன். வண்டியின் கைப்பிடி எங்கே முடிகிறது, அவன் கை எங்கே தொடங்குகிறது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.